சுற்றினால் ஓடும் பூனை

(கோடை முகாமின் நிறைவு நாளன்று கிளப் ஹவுஸில் பேசியது. மைக் வேலை செய்யாமல் போன ஐந்து நிமிடத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதித் தந்திருக்கிறேன்.)

  செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஜெனரல் பாடி மீட்டிங்கில் மெயின்டனன்ஸ் கணக்கு கேட்டபோது எனக்கு இவ்வளவு நேரம் கிடைத்ததில்லை.

மேஜை மேல் இருக்கிற இந்தக் கறுப்பு டப்பாவைத்தான் உங்கள் பிள்ளைகள் மூன்று வாரமாகப் "பூனை டப்பா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதன் பெயர் ஸோயிட்ரோப். கிரேக்க மொழியில் 'ஸோயி' என்றால் உயிர், 'ட்ரோப்' என்றால் சுழல்வது. 1834-ல் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் என்கிற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதினார். இங்கே கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆமாம், பல்லுறுப்புக் கோவைகளுக்கு 'ஹார்னர் முறை' என்று இருக்கிறதே, அதே ஹார்னர்தான். அதற்கு ஓரிரு வருஷம் முன்பு பெல்ஜியத்தில் ஜோசப் பிளாத்தோ என்பவர், வட்டத் தகட்டில் படம் வரைந்து, கண்ணாடி முன்னால் சுற்றி, இடுக்கு வழியாகப் பார்க்கும் கருவியைச் செய்துவிட்டார். ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பார்க்கலாம். ஹார்னர் அதை டப்பாவாக்கினார். சுற்றிலும் நாலு பேர் நின்று பார்க்கலாம். அப்புறம் முப்பது வருஷம் யாரும் அதைச் சீண்டவில்லை. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனி பொம்மையாக விற்க ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கு வீடு போனது.

வரலாறு போதும், செய்முறைக்கு வருகிறேன். வேலையில் இருந்தவரை நான் இயந்திர வரைபடம் போடுகிறவன், அதனால் அளவு சொல்லாமல் எனக்குப் பேச வராது. பேனா இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிப்பலகைக்குப் பத்து அங்குல கேக் போர்டு. பேக்கரி சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். அதற்குக் கீழே கேக்குக்கு ஐசிங் பூசும்போது வைத்துச் சுற்றுகிற டர்ன்டேபிள். இதை நமது பி பிளாக்கில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிற தங்கை கடன் கொடுத்தார். அவருக்குத் திருப்பித் தர வேண்டும், ஞாபகம் இருக்கிறது. முதலில் நான் பழைய சி.டி.யையும் கோலிக்குண்டையும் வைத்துச் செய்து பார்த்தேன். தலை ஆடுகிற பம்பரம் மாதிரி ஆடியது. டப்பா ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் உள்ளே இருக்கிற பூனை நடுங்கும். செலவு செய்வதானால் சுழலும் பாகத்தில் செய்யுங்கள், மற்றதெல்லாம் காகிதம்தான்.

சுவருக்குத் தடிமனான கறுப்பு சார்ட். உயரம் 16 சென்டிமீட்டர், சுற்றளவு 78. ஏன் 78 என்றால், 12 படம், படத்துக்கு ஆறரை சென்டிமீட்டர். அப்படிச் சுருட்டினால் விட்டம் 24.8 வரும், பத்து அங்குல போர்டின் மேல் கச்சிதமாக உட்காரும். கடையில் கிடைக்கிற சார்ட் 71 சென்டிமீட்டர் நீளம்தான். எனவே 39-39 ஆக இரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் ஒட்டுவதற்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதல். இந்த ஒரு சென்டிமீட்டரில்தான் நான் விழுந்தேன். அதையும் சேர்த்து இடுக்கு அளந்துவிட்டேன். பூனை பதினோரு படத்தில் அழகாக ஓடி, பன்னிரண்டாவதில் தடுக்கி விழுந்தது. முப்பத்தைந்து வருஷம் வரைபட மேஜையில் உட்கார்ந்தவன்! வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அது இன்னும் மோசம்.

இடுக்குகளைச் சார்ட்டைச் சுருட்டுவதற்கு முன்பே, தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். அடியிலிருந்து 9 சென்டிமீட்டரில் ஆரம்பித்து 14 வரை, அகலம் 3 மில்லிமீட்டர். அகலம் கூடினால் படம் கலங்கும், குறைந்தால் இருட்டாகும். இரும்பு ஸ்கேலும் புது பிளேடும் வேண்டும். கட்டர் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள், பிள்ளைகள் கத்தரிக்கோலோடு நிற்கட்டும்.

சுற்றிவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்தால் எதிர்ச்சுவரில் உள்ள படம் ஓடும். இடுக்கு இல்லாமல் மேலிருந்து எட்டிப் பார்த்தால் வெறும் சாம்பல் பட்டைதான் தெரியும். இடுக்கு ஒவ்வொரு படத்தையும் ஒரு கணம் மட்டும் காட்டி மூடிவிடுகிறது. நடுவில் இருக்கிற இருட்டை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. 'விழித்திரையில் படம் தங்குகிறது' என்று நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். அது மட்டும் போதாது. தனித்தனிப் படங்களை அசைவாகத் தைப்பது மூளையின் வேலை, அதை மாக்ஸ் வெர்தைமர் 1912-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இப்போது அடுக்குகள். எனக்கு இதில்தான் பைத்தியம் பிடித்தது. கடையில் விற்கிற ஸோயிட்ரோப்பில் ஒரே பட்டைதான் இருக்கும். நான் மூன்று வளையம் வைத்திருக்கிறேன். சுவரோடு ஒட்டி வானமும் மேகமும். அதற்கு உள்ளே 20 சென்டிமீட்டர் விட்டத்தில் பூனைகள். அதற்கும் உள்ளே 15 சென்டிமீட்டரில் புல். பூனைப் பட்டை 63 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சற்றுக் குறைவு, பூனைக்குப் பூனை 5.2. பூனைகளைத் தனித்தனியாக ஒட்டாதீர்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் பட்டையை விட்டு, அதிலிருந்தே பூனைகள் எழுந்து நிற்கிற மாதிரி வெட்டி எடுங்கள். நம் ஊரில் தோரணக் காகிதம் வெட்டுவோமே, அதைத் தலைகீழாக வைத்த மாதிரி. பூனை ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, புல் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் நம் பக்கத்தில் இருக்கிற பூனை, எதிர்ப்பக்கத்துப் பூனையை மறைத்துவிடும். தியேட்டரில் முன்வரிசைத் தொப்பிக்காரர் மாதிரி.

வெட்டிய காகிதத்தை அடுக்கி உயிர் கொடுப்பது புதிதில்லை. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்கிற பெண்மணி, கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்து, கண்ணாடித் தட்டுகளில் அடுக்கி, கீழிருந்து வெளிச்சம் கொடுத்து, 1926-ல் 'இளவரசன் அக்மத்' பற்றிய முழுநீளப் படமே எடுத்துவிட்டார். என் பூனைக்கு நாலு கால் வெட்டவே ஒரு வாரம் ஆனது.

மேகத்துக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. பூனை 12 தான். ஆனால் மேகத்தை 12 வரையாமல் 13 வரையுங்கள், ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்று, எல்லாம் ஒரே மாதிரி. சுற்றும்போது பூனை நின்ற இடத்திலேயே ஓடும், மேகம் மட்டும் எதிர்ச்சுவர் நகரும் திசையில் மெதுவாக மிதந்து போகும். ஒரு சுற்றுக்கு ஒரு மேகத் தூரம். 11 வரைந்தால் எதிர்த்திசையில் போகும். பூனையின் முகம் மேகம் போகிற திசைக்கு எதிராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னோக்கி ஓடுகிற மாதிரி இருக்கும். முதல் முறை இதைப் பார்த்த இரவு நான் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்காரியை எழுப்பினேன். அதைப் பற்றி அவர் தனியாகப் பேசுவார்.

அடுத்த நாள் மாலை லாபியில் மேஜை போட்டு வைத்தேன். இருபது பிள்ளைகளாவது இருக்கும். ஒரு பையன் மட்டும் லிஃப்ட் பக்கத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு மேலே கூட்டிப்போய்விட்டார். ஹோம்வொர்க் இருக்கும் என்று நினைத்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு அவர் போன் செய்தார். இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், எந்த வீடு என்று மட்டும் கேட்காதீர்கள். "அங்கிள், என் பையனுக்கு ஃபிட்ஸ் இருக்கு. மாத்திரை சாப்பிடறான். அந்த டப்பாவுல வெளிச்சம் பளிச் பளிச்னு வருதே, அவன் பார்க்கலாமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "வேணாம்னா பரவால்ல அங்கிள், நீச்சல் குளம், நியூ இயர் டான்ஸ் எல்லாத்துக்கும் வேணாம்னுதான் சொல்லிட்டிருக்கோம். இதுவும் ஒண்ணு" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். 12 இடுக்கு, நொடிக்கு ஒரு சுற்று, அப்படியானால் கண்ணுக்குள் நொடிக்கு 12 மின்னல். ஒளி மின்னலால் வலிப்பு வருகிறவர்களுக்கு நொடிக்கு மூன்றிலிருந்து முப்பது வரை உள்ள மின்னல்கள்தான் ஆபத்து. என் டப்பா அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியது, அதுவும் நொடிக்குச் சுமார் 12 முறை. அன்று இரவு 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன்னால் வலிப்பு வந்ததே இல்லை. டி.வி. வெளிச்சம் வேறு, என் காகித டப்பாவின் மங்கல் வெளிச்சம் வேறு, உண்மைதான். ஆனாலும் நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இருபது பிள்ளைகளைக் குனிந்து பார்க்க வைத்திருக்கிறேன். அந்த இருபதில் இன்னொரு பிள்ளை இருந்திருந்தால்?

மறுநாள் காலை டப்பாவை மூடி வைத்தேன். அந்த அம்மாவுக்கு போன் செய்து, "என்னை நம்பாதீங்க, உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. நொடிக்கு 12 தடவை, மங்கின வெளிச்சம், ஒரு நிமிஷம் பார்க்கிறதுன்னு இந்த மூணையும் அப்படியே சொல்லுங்க" என்றேன். அவர்களுக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் பத்து நாள் கழித்துத்தான்.

அந்தப் பத்து நாளில் சும்மா இருக்க முடியவில்லை. மின்னல் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று பார்த்தேன். அதற்கும் ஒருவர் முன்பே வழி செய்திருக்கிறார். பிரான்ஸில் எமில் ரெய்னோ என்பவர் 1877-ல் இடுக்குகளைத் தூக்கி எறிந்துவிட்டு, டப்பாவின் நடுவில் கண்ணாடித் துண்டுகளை வட்டமாக நிறுத்தினார். பெயர் பிராக்ஸினோஸ்கோப். கண்ணாடி வளையத்தின் விட்டம் படப் பட்டையின் விட்டத்தில் சரி பாதி. அப்போது ஒவ்வொரு படத்தின் பிம்பமும் டப்பாவின் மையத்தில் விழும். மையம் நகராது அல்லவா, அதனால் பிம்பமும் நகராமல் நின்று, ஒரு படம் அடுத்த படத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இருட்டு இடையில் வராது. மின்னல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மிகவும் குறைந்துவிடுகிறது. அக்ரிலிக் மிரர் ஷீட்டில் 3.3 சென்டிமீட்டர் அகலத்தில் 12 துண்டு வெட்டிச் செய்தேன். இதோ, இந்த இரண்டாவது டப்பா அதுதான்.

ஆனால் இதில் என் அடுக்குகள் வேலை செய்யவில்லை. உள் வளையத்தின் பிம்பம் மையத்தில் விழாமல் தள்ளிப்போய் விழுகிறது, பூனை வழுக்குகிறது. ரெய்னோவுக்கும் இதே ஆசை இருந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து அவர், கறுப்புப் பின்னணியில் உருவங்களை வரைந்து, முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடியைச் சாய்த்து, அதில் காட்சியின் பிம்பத்தை விழவைத்து, இரண்டையும் ஒன்றாகக் காட்டினார். 1892 அக்டோபரில் பாரிஸில் திரையிலேயே பொதுமக்களுக்குப் படம் காட்டினார், லூமியேர் சகோதரர்களுக்கு மூன்று வருஷம் முன்னால். பின்னால் சினிமா வந்து அவருடைய பிழைப்பு போனது, மனம் உடைந்து தன் கருவிகளில் பெரும்பாலானவற்றை சேன் ஆற்றில் எறிந்துவிட்டார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றேன்.

இடையில் நமது இளைஞர்கள் சிலர் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார்கள். இடுக்கே வேண்டாம், போனில் ஸ்ட்ரோப் ஆப் போட்டு விளக்கை மினுக்கினால் எல்லோரும் மேலிருந்தே பார்க்கலாமே என்று. உண்மைதான், ஜப்பானில் ஜிப்ளி மியூசியத்தில் இருக்கிற பெரிய ஸோயிட்ரோப் ஸ்ட்ரோப் விளக்கில்தான் ஓடுகிறது. நான் வேண்டாம் என்றேன். இடுக்கு என்றால் பார்க்க விரும்புகிறவர் குனிந்து பார்க்கிறார், வேண்டாதவர் நகர்ந்துகொள்ளலாம். ஸ்ட்ரோப் என்றால் அறையே மின்னும், யாரும் தப்ப முடியாது. நியூ இயர் பார்ட்டிக்கு அந்த மின்னும் விளக்கை ஏற்பாடு செய்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நிறுத்தச் சொல்லவில்லை. மாலை ஆறரைக்கே குரூப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள், இத்தனை மணிக்கு அந்த விளக்கு போடுவோம் என்று. அதற்கு முன்னால் வந்து ஆடிவிட்டுப் போகிற பிள்ளையும் இருக்கலாம்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்தார். ஈ.ஈ.ஜி. எடுக்கும்போதே கண் முன்னால் விளக்கை மினுக்கிச் சோதிப்பார்களாம். அந்தப் பையனுக்கு அதில் ஒன்றும் வரவில்லை என்று பழைய ரிப்போர்ட்டிலேயே இருந்திருக்கிறது. வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குத்தான் ஒளி மின்னல் தூண்டுதலாக இருக்குமாம், இவன் அந்த மூன்றில் இல்லை. டாக்டர், "பார்க்கட்டும், ஒரு நிமிஷம், லைட் போட்ட அறையில, தூக்கம் கெட்ட நாள்ல வேணாம்" என்றாராம். "இத்தனை நாளா நாங்க கேட்கவே இல்லை அங்கிள். பயத்துல எல்லாத்தையும் சேர்த்து நிறுத்திட்டோம்" என்றார் அந்த அம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு ஒரே மகள், அவளுக்குச் சளி பிடித்தாலே நான் ஐஸ்கிரீம் கடை இருக்கிற தெருவை மாற்றிப் போனவன்.

பையன் வந்தான். குனிந்து பார்த்தான். நான் கையில் வாட்சை வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது நொடி ஆகியிருக்கும். நிமிர்ந்து, "தாத்தா, பூனை ஏன் ஒல்லியா இருக்கு? புல்லு ஒல்லியா இல்லையே?" என்றான்.

இருபது பிள்ளைகள், ஏழெட்டுப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்து படம் போட்டுப் பார்த்தேன். இடுக்கு நம் பக்கத்தில் ஒரு திசையில் போகிறது, படம் எதிர்ப்பக்கத்தில் மறு திசையில் போகிறது. ஒன்றை ஒன்று தாண்டுவதால் படத்தின் அகலம் சுருங்குகிறது. சுவரோடு ஒட்டின படம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பத்து சென்டிமீட்டர் மேகம் ஐந்தாகத் தெரியும். உள்ளே வர வர வேகம் குறைவு, அதனால் சுருக்கமும் குறைவு. என் பூனை வளையத்தில் பத்து ஐந்தரையாகும், புல் வளையத்தில் ஆறுக்குக் கொஞ்சம் மேல். புல் அப்படியே இருந்ததாக அவனுக்குத் தெரிந்தது, உண்மையில் அதுவும் சுருங்கியிருக்கிறது. ஆனால் ஒல்லிப் புல்லும் புல்தானே, ஒல்லிப் பூனைதான் கண்ணில் படும்.

ஆகவே பூனையை இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக, பக்கவாட்டில் நன்றாக இழுத்து, குண்டாக வரையுங்கள். உயரத்தை மாற்ற வேண்டாம். தட்டையாக வைத்துப் பார்த்தால் பூசணிக்காய்க்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். சுற்றினால் பூனையாகிவிடும். இப்போது டப்பாவில் இருக்கிற பன்னிரண்டு குண்டுப் பூனைகளும் அவன் வரைந்து அவனே வெட்டியது. மூன்றாவது பூனைக்குக் காது ஒன்றுதான் இருக்கிறது. சுற்றும்போது அது காதை ஆட்டுகிற மாதிரி தெரிகிறது, அதனால் நான் திருத்தவில்லை.

இரண்டு டப்பாவும் இன்று முதல் நூலக அலமாரியின் மேல் தட்டில் இருக்கும். சாவி செக்யூரிட்டியிடம். மூடியில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: இது நொடிக்கு 12 முறை மின்னும், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பாருங்கள், தலை சுற்றினாலோ கண் கூசினாலோ நிறுத்திவிடுங்கள் என்று. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். சுற்றும்போது கறுப்புச் சுவரைப் பிடித்துத் தள்ளாதீர்கள், காகிதம் மடங்கிவிடும். கீழே டர்ன்டேபிளின் விளிம்பைத் தள்ளுங்கள். கொஞ்சம் வெளிச்சம் மேலிருந்து டப்பாவுக்குள் விழ வேண்டும்.

புதுப் பட்டை வெட்ட ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு இங்கே வாருங்கள். முதலில் பந்து குதிப்பது, அப்புறம் மீன், நாலு கால் மிருகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சார்ட் என் செலவு, கத்தரிக்கோல் உங்கள் வீட்டிலிருந்து.

11 மேகம் போட்ட பட்டையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். கேள்வி கேட்க மாட்டேன், அலமாரியில் வைத்துவிடுங்கள்.